அசெம்பிளி கம்ப்யூட்டர்

ஆண்டர்சன்பேட்டை,
12 ஆகஸ்ட் 2000

அன்புள்ள தம்பி மோசஸுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், உன் மாமாவின் நெஞ்சு ஒன்றைத் தவிர. நீயும் சுகமாக இருப்பாய் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். ஈஸ்டருக்கும் வரவில்லை, அறுப்புப் பண்டிகைக்கும் வரவில்லை, வேறு என்ன செய்வது? பக்கத்து வீட்டு முனிரத்தினம் தினமும் ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய் வருகிறார். நீ வேலை செய்யும் கடை அவர் போகும் வழியில்தானாம். இதை அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன், பதிலையும் அவரிடமே கொடு. எஸ்.டி.டி. பூத்தில் பேசலாம் என்றால் அந்த பூத்துக்காரன் மீட்டரைப் பார்க்கிற சாக்கில் காதை நம் பக்கமே வைத்திருக்கிறான்.

முதலில் நல்ல செய்தி. நம் பெண் எலைனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பையன் நம் சபைதான், ஐடா டீச்சரின் மகன், மஸ்கட்டில் வேலை. புது வருஷம் பிறந்த முதல் வாரத்தில் கல்யாணம், அவனுக்கு லீவு அவ்வளவுதான். உன் மாமா தங்கச் சுரங்கத்தில் வாங்கிய தூசியை இன்னும் இருமிக்கொண்டிருக்கிறார். வாசலில் இருந்து கிணற்றடிக்குப் போனாலே மூச்சு வாங்குகிறது. அதனால் கோயிலுக்குள் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்து வரவேண்டியது தாய்மாமனாகிய நீ. எலைனும் "மாமாதான் கூட்டிகினு வரணும்" என்று சொல்லிவிட்டாள். உன் சாக்குப்போக்கு எதுவும் இதில் செல்லாது.

அடுத்தது, எங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். சிரிக்காதே. எலைன் மஸ்கட் போய்விட்டால் இ-மெயிலில் பேசலாம் என்கிறாள். பள்ளிக்கூடத்தில் கேள்வித்தாளுக்கு ஸ்டென்சில் வெட்டி வெட்டி என் விரல் நகமெல்லாம் மை. உன் மாமா வீட்டோடு உட்கார்ந்து, சுரங்கத்தை மூடப்போகிறார்களா இல்லையா என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சண்டை பிடிக்கிறார். அவருக்கும் கையில் ஏதாவது விளையாட்டு இருந்தால் எனக்கு நிம்மதி.

ராபர்ட்சன்பேட்டையில் புதிதாக ஒரு ஷோரூம் திறந்திருக்கிறார்கள், போனேன். மீசை முளைக்காத ஒருவன் டை கட்டிக்கொண்டு வந்து, "ஆண்ட்டி, வூட்ல பசங்க யாராச்சும் இருந்தா கூட்டிகினு வாங்க, அவுங்களுக்கு சொன்னா புரியும்" என்கிறான். இவன் பிறப்பதற்கு முன்பே நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவள்! "ஏம்பா, ஒங்க முதலாளி பில் போடறப்ப பசங்கள கூட்டிகினு வரச் சொல்வாரா?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அந்தப் படியை இனி மிதிக்கமாட்டேன். தம்பி கம்ப்யூட்டர் கடையில் இருக்கும்போது நான் ஏன் ஊரான் வாயில் விழவேண்டும்? சிக்கனமாக, உறுதியாக ஒன்று செய்து கொடு.

கோபத்தோடும் அன்போடும்,
உன் அக்கா ஞானசுந்தரி


பெங்களூர்,
21 ஆகஸ்ட் 2000

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

மோசஸ் எழுதுவது. எலைனின் செய்தி படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். முனிரத்தினம் அண்ணன் காத்திருக்கிறார், அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

ஷோரூமை விடு. கம்பெனிப் பெட்டி வேண்டவே வேண்டாம், பெயருக்குத்தான் விலை. பாகங்களைத் தனித்தனியாக எஸ்.பி. ரோட்டில் வாங்கி நாமே சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு அசெம்பிள்டு கம்ப்யூட்டர் என்று பெயர். கெட்டுப்போனாலும் கெட்ட பாகத்தை மட்டும் மாற்றினால் போதும்.

கேள்வித்தாள் அடிக்க, இ-மெயில் பார்க்க, சின்னச் சின்ன விளையாட்டு ஆட செலரான் சிப் போதும். பென்டியம் வேண்டும் என்று யாராவது உன்னிடம் சொன்னால், அவனுக்கு அதில் கமிஷன் இருக்கிறது. படம் காட்டுவதற்கும் சத்தத்துக்கும் தனித்தனி கார்டு வாங்க வேண்டாம், இரண்டும் மதர்போர்டிலேயே வருகிற மாதிரி பார்த்து வைத்திருக்கிறேன். மாமா கார் ரேஸ் ஓட்டலாம், கிரிக்கெட் ஆடலாம், அதற்கு மேல் ஓடாது. மெமரியில் மட்டும் கஞ்சத்தனம் செய்யமாட்டேன், அதைக் குறைத்தால் நீ ஒரு வரி அடித்துவிட்டு அது யோசிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கீபோர்டு, டைப்ரைட்டர் போல அழுத்தமாக விழுகிற ரகம், அது உனக்காக. மானிட்டர் மட்டும் பழையது, ஆனால் நல்லது, எனக்குத் தெரிந்த இடத்தில் இருந்து வருகிறது.

ஒன்று கேட்கிறேன். நம் வீட்டு ப்ளக்கில் எர்த் கம்பி இருக்கிறதா? இல்லையென்றால் பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும். முனிரத்தினம் அண்ணனைப் பார்க்கச் சொல். சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டில் இருந்து காற்றில் வருகிற தூசி உள்ளே போகாமல் இருக்கத் துணியில் உறை ஒன்று தைத்து வை. மாமாவின் நெஞ்சுக்குக் கெடுதல் எதுவோ அதுவே இதற்கும் கெடுதல்.

எலைனை அழைத்து வருவதைப் பற்றி நேரில் பேசுவோம் அக்கா.

ஜெபத்தோடு,
மோசஸ்


ஆண்டர்சன்பேட்டை,
3 அக்டோபர் 2000

அன்புள்ள மோசஸுக்கு,

கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது, நீதான் சரியில்லை.

சனிக்கிழமை வந்தாய், தரையில் நியூஸ்பேப்பரை விரித்தாய், ஸ்குரூடிரைவரை எடுத்தாய், சாயங்காலத்துக்குள் பெட்டி உயிர் பெற்றுவிட்டது. அதுவரை சந்தோஷம். ஞாயிறு ஆராதனைக்கு இருந்து, சாப்பிட்டுவிட்டுப் போடா என்றால், "கடை இருக்குது அக்கா" என்று சொல்லிக் கடைசி ரயிலைப் பிடித்து ஓடினாய். ஞாயிற்றுக்கிழமை உன் கடை மூடியிருக்கும் என்று முனிரத்தினம் சொல்கிறார். உனக்காக ஊறவைத்த கறியை நாங்கள் மூன்று பேர் இரண்டு வேளை தின்றோம். நேரில் பேசுவோம் என்று எழுதினாயே, என்ன பேசினாய்? ஹார்டு டிஸ்க்கைப் பற்றிப் பேசினாய்.

உன் மாமாவுக்குப் பெட்டியின் மேல் ஒரே ஆசை. கேபினெட்டை அவர், சுரங்கத்தில் ஆட்களை இறக்குகிற கூண்டைச் சொல்வதுபோல, "கேஜ்" என்றுதான் சொல்கிறார். சி.டி. தட்டு வெளியே வந்து உள்ளே போவதைப் பார்த்துவிட்டு, "கேஜ் மேல வருது, கீழ எறங்குது, பெல் அடிக்கறதுதான் இல்ல" என்று சிரித்தார். சிரித்து இருமினார். சுரங்கத்தில் இருப்பதுபோல ஹார்டு டிஸ்க்குக்குள் எத்தனை லெவல் இருக்கிறது என்று எலைனைக் கேட்டார். அவள் சொன்ன பதில் எனக்குப் புரியவில்லை, அவருக்குப் புரிந்த மாதிரி இருந்தது. கீபோர்டில் ஷிப்ட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, "இங்கியும் ஷிப்ட்டா, உட மாட்டாங்களே" என்றார்.

ஆனால் அவருக்கு உன்மேல் ஒரு புகார். எல்லார் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் சீட்டு விளையாட்டு இருக்குமாம், வாங்கும்போதே உள்ளேயே வருமாம், ஆஸ்பத்திரி ஆபீசில் பார்த்திருக்கிறாராம். நம்முடையதில் இல்லை. "சீட்டு இல்லாம இன்னா கம்ப்யூட்டரு? ஒந்தம்பி எனக்குன்னு பாத்து எட்த்துட்டானா?" என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு இருக்கிறார். கார் ரேஸில் கார் கவிழ்ந்துகொண்டே இருக்கிறதாம். அவருக்குப் பதில் சொல்லு.

இன்னொன்று. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரை கருப்பாகி, பெரிய பெரிய இங்கிலீஷ் எழுத்தில் பிரைஸ் த லார்ட் என்று சுற்றிச் சுற்றி வருகிறதே, அது நன்றாக இருக்கிறது. நம் பக்கம் ஸ்தோத்திரம் என்றுதான் சொல்வோம், பரவாயில்லை, எந்தப் பாஷையானால் என்ன.

சபைச் செயலாளர் மாணிக்கராஜ், ஸ்கெலட்டன் லைன் வீடுகளில் இருக்கிறாரே, அவர் இதற்குள் சபையின் வருஷ ரிப்போர்ட்டை அடித்துத் தரச்சொல்லிக் கட்டோடு கொடுத்தனுப்பிவிட்டார். அடிக்க ஆரம்பித்திருக்கிறேன். கீபோர்டு அருமை. அதற்காக மட்டும் உன்னை மன்னிக்கிறேன்.

உன் அக்கா


பெங்களூர்,
9 அக்டோபர் 2000

கர்த்தருக்குள் அன்பான அக்காவுக்கு,

கோபிக்காதே. அன்றைக்குப் போகவேண்டிய அவசியம் இருந்தது.

சீட்டு விளையாட்டு விஷயம். ஹார்டு டிஸ்க்கில் இடம் அடைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மாமாவுக்குப் பந்தடித்துச் செங்கல் உடைக்கிற விளையாட்டு ஒன்று ஃபிளாப்பியில் அனுப்புகிறேன், கார் போல அது கவிழாது.

அணைக்கும்போது ஸ்டார்ட்டை அழுத்தி ஷட் டவுன் கொடுத்து அணை. மாமா ஸ்விட்சைத் தட்டி அணைக்கிறார் என்று எலைன் எழுதியிருந்தாள். அது கூடாது. எர்த் கம்பி போட்டாயிற்றா?

ஜெபத்தோடு,
மோசஸ்


ஆண்டர்சன்பேட்டை,
20 நவம்பர் 2000

மோசஸ்,

கோபம் இன்னும் ஆறவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் காலையில் இருந்து பாத்திரங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை எலைனின் திருமண அறிவிப்பு முதல் தடவையாகக் கோயிலில் வாசிக்கவேண்டிய நாள். மூன்று ஞாயிறு வாசித்தால்தான் கல்யாணம். இது உனக்கும் தெரியும். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். சம்பந்தியம்மா ஐடா டீச்சர் பக்கத்தில். வேறு இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்தார்கள். எலைன் பெயர் வரவில்லை. போதகர் புத்தகத்தை மூடிவிட்டார். எலைன் தலை குனிந்தவள் கடைசிப் பாட்டு முடியும்வரை நிமிரவில்லை.

ஆராதனை முடிந்ததும் நேராக உள் அறைக்குப் போனேன். மாணிக்கராஜ் காணிக்கைப் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "இன்னாங்க இது, எம் பொண்ணு பேரு எங்க?" என்றேன். அவர் நிமிராமல் சொல்கிறார்: "அசெம்பிளில சேந்துட்டீங்களாமே? ரெண்டு எடத்துல கால் வெச்சிகினு இருந்தா நாங்க எப்டிங்க படிக்கிறது?"

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. போன வாரம் இவர் ரிப்போர்ட்டை வாங்கிப்போக வந்திருந்தார், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். உன் மாமாவிடம் "எந்தக் கம்பெனி கம்ப்யூட்டருங்க?" என்று கேட்டிருக்கிறார். உன் மாமா, "கம்பெனி இல்லீங்க, அசெம்பிளி. மச்சான் குட்த்தான்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அசெம்பிள்டு என்பது அந்த மனுஷன் வாயில் அசெம்பிளியாகிவிட்டது! அந்த நேரம் பார்த்துத் திரை கருத்து, பிரைஸ் த லார்ட் சுற்ற ஆரம்பித்திருக்கிறது. அவ்வளவுதான். அசெம்பிளி என்கிற பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் கம்ப்யூட்டர் கொடுத்து எங்களை இழுத்துவிட்டார்கள், வீட்டில் அல்லேலூயா கூட்டம் நடக்கிறது, எலைனுக்குத் தொட்டியில் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தாயிற்று என்பது வரைக்கும் ஸ்கெலட்டனில் பேச்சாம்.

எனக்கு வந்ததே கோபம்! போதகர், கமிட்டிக்காரர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். "அசெம்பிள்டுன்னா சேத்து வெச்சதுன்னு அர்த்தங்க. டிக்ஷனரி வெச்சிருக்கீங்களா, இல்ல நான் கொண்டாந்து காட்டட்டுமா?" என்றேன். "எந்தம்பி கடைல வேலை செய்யறான். அவன் கையால மாட்டினது. அதுல ஒரு ஸ்குரூ கூட அசெம்பிளிக்காரங்களுது கிடையாது. எங்க குடும்பத்துல அந்தப் பக்கம் தல வெச்சி படுத்தவங்க கூட கிடையாது. ஆலயத்துல நின்னுகினு சொல்றேன், சத்தியம்" என்று கையைத் தூக்கினேன். அதோடு நிற்கவில்லை. சீட்டு விளையாட்டை எலைன் விண்டோஸ் சி.டி.யில் தேடிப் பிடித்துப் போட்டுவிட்டாள், சுண்டைக்காய் அளவுகூட இடம் அடைக்கவில்லையாம், நீ என்னமோ எழுதினாய். அதையும் இழுத்துவிட்டேன். "வூட்டுக்கு வந்து பாருங்க, எங்க வூட்டுக்காரர் எழுந்ததுல இருந்து சீட்டு ஆடறாரு. அசெம்பிளிக்காரங்க வூட்ல சீட்டு இருக்குமாங்க?" போதகர் இருமினார். நல்ல சாட்சி சொன்னேன், கணவர் சூதாடுகிறார் என்று கோயிலுக்குள் நின்று சொன்னவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான்.

இத்தனைக்கும் பிறகு மாணிக்கராஜ் என்ன சொன்னார் தெரியுமா? "வாயால சொன்னா போதாதுங்க. எழுதி குடுங்க." குடும்பத்தில் ஒருவருக்கும் அசெம்பிளியோடு தொடர்பு இல்லை என்று டிசம்பர் இரண்டாம் தேதிக் கமிட்டியில் எழுதிக் கொடுத்தால் மறுநாளில் இருந்து வாசிப்பார்களாம். கிறிஸ்துமஸ், வருஷக் கடைசி ஞாயிறுகளில் அறிவிப்பு வாசிப்பதில்லை, அதனால் அந்த ஞாயிறும் போனால் மாப்பிள்ளையின் லீவுக்குள் மூன்று ஞாயிறு வராது, கல்யாணம் நின்றுபோகும். இதே மனுஷனுடைய ரிப்போர்ட்டை இதே கம்ப்யூட்டரில் தோள் வலிக்க அடித்துக் கொடுத்தவள் நான். அப்போது அதில் அசெம்பிளி வாடை வரவில்லையா?

உனக்கு ஏன் இதை எழுதுகிறேன் என்றால், நீயும் ஒரு கடிதம் எழுதி அனுப்பு. கம்ப்யூட்டர் எந்தெந்தக் கடையில் வாங்கியது, அசெம்பிள்டு என்றால் என்ன என்று விளக்கமாக எழுது. அவர்கள் மூஞ்சியில் போடுகிறேன்.

கொதிப்போடு,
உன் அக்கா


பெங்களூர்,
23 நவம்பர் 2000

அன்பான அக்காவுக்கு,

நீ கேட்ட கடிதத்தை என்னால் எழுத முடியாது. எழுதினால் அது பொய்யாகிவிடும்.

நான் அசெம்பிளியில் இருக்கிறேன், அக்கா.

போன வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்ததே, அப்போது நீ மாமாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தாய். குறையாகச் சொல்லவில்லை, மாமாவை விட்டு நீ எப்படி வரமுடியும்? என் பக்கத்து அறைக்காரர் அசெம்பிளி சபையைச் சேர்ந்தவர். அவரும் அவர் சபையாரும் முறை வைத்துக்கொண்டு கஞ்சி கொண்டுவந்தார்கள், என் துணியைத் துவைத்தார்கள். ஒருவரும் என்னை வா என்று கூப்பிடவில்லை. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் நானாகத்தான் போனேன். இந்த ஈஸ்டர் அன்று ஞானஸ்நானம் எடுத்தேன். ஊருக்கு வராததன் காரணம் அதுதான். சனிக்கிழமை ஓடிவந்ததும் ஞாயிறு ஆராதனைக்காகத்தான்.

சீட்டு விளையாட்டை எடுத்தது நான். இடத்துக்காக இல்லை, அதை என் கையால் போட்டுக் கொடுக்க மனசு வரவில்லை. பிரைஸ் த லார்ட் போட்டதும் நான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த மானிட்டர் எங்கள் சபை ஆபீசில் இருந்தது. அவர்கள் புதிது வாங்கியபோது, அக்காவுக்கு வேண்டும் என்று கேட்டேன், எடுத்துக்கொள் என்றார்கள். ஒரு ஸ்குரூ கூட இல்லை என்று நீ கைதூக்கிச் சொன்னதைப் படித்தபோது என் உடம்பெல்லாம் கூசியது. நீ பொய் சொல்லவில்லை, உன்னைச் சொல்ல வைத்தது நான்.

நேரில் சொல்லத்தான் வந்தேன். நீ தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்குரூவாக எடுத்துக் கொடுத்தாய். நான் ஹார்டு டிஸ்க்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

மோசஸ்


ஆண்டர்சன்பேட்டை,
25 நவம்பர் 2000

மோசஸுக்கு,

முனிரத்தினம் முன்னால் உன் கடிதத்தைப் படித்தேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

நீ அங்கே சேர்ந்ததற்கு என் கோபம் இல்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். அது பொய். அதற்கும் கோபம்தான். ஆனால் அது சின்னக் கோபம். ஈஸ்டருக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன், வாயை மூடிக்கொண்டாய். சீட்டு எங்கே என்று கேட்டேன், இடம் இல்லை என்றாய். ஊரே கண்டுபிடித்ததைக் கூடப் பிறந்த நான் கண்டுபிடிக்கவில்லை. மாணிக்கராஜுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்கு உன்னைத் தெரியாமல் போய்விட்டது! ஆலயத்தில் கையைத் தூக்கிப் பொய்ச் சத்தியம் செய்தவளாக நிற்கிறேன். எலைன் சாப்பிடவில்லை.

கமிட்டிக்கு என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியும். நீ யோசனை சொல்ல வேண்டாம்.

ஞானசுந்தரி


பெங்களூர்,
28 நவம்பர் 2000

அக்காவுக்கு,

நீ வேண்டாம் என்றாலும் இதை மட்டும் சொல்கிறேன். அவர்கள் கேட்கிறபடி எழுதிக் கொடுத்துவிடு. உங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று பேருக்கும் அசெம்பிளியோடு தொடர்பு இல்லை. அது உண்மைதானே. என்னைக் கணக்கில் சேர்க்காதே. எலைனின் அறிவிப்பு தவறக்கூடாது.

நான் கல்யாணத்துக்கு வரவில்லை. ஐடா டீச்சர் வீட்டில் பெரியவர் யாராவது அவளை அழைத்து வரட்டும். வேறு மானிட்டர் பார்த்துவிட்டேன். முனிரத்தினம் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன், பழையதை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. பிறகு உன் வீட்டில் எங்களுடைய ஸ்குரூ ஒன்றும் இருக்காது.

மோசஸ்


ஆண்டர்சன்பேட்டை,
4 டிசம்பர் 2000

மோசஸ்,

"என்னைக் கணக்கில் சேர்க்காதே" என்று எழுத உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்! அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் மற்ற கோபமெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. சொல்கிறேன், கேள்.

கமிட்டிக்குக் கொடுக்கவேண்டிய கடிதத்தை வெள்ளிக்கிழமையே எழுத உட்கார்ந்தேன். "எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும்" என்பது வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. உன் மாமா சீட்டில் இருந்து கண்ணை எடுக்காமல், "இன்னா நின்னுட்ட? மச்சான இதுல எங்க வெக்கப் போற?" என்று கேட்டார். காகிதத்தை மடித்து அடுப்பில் போட்டேன்.

சனிக்கிழமை வெறுங்கையோடு போனேன். ஐடா டீச்சரும் கூட வந்தார், எதற்கு வந்தார் என்று தெரியவில்லை, பயமாகத்தான் இருந்தது. மாணிக்கராஜ் கையை நீட்டினார். "இல்லீங்க" என்றேன்.

"எழுதலியா?"

"எழுத முடியாதுங்க. நீங்க சொன்னதுதான் சரி. அது அசெம்பிளி கம்ப்யூட்டர்தான்."

எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். போதகர் கண்ணாடியைக் கழற்றினார். ஆரம்பித்துவிட்டேன், நிறுத்த முடியவில்லை.

"எந்தம்பி மோசஸ் அசெம்பிளில இருக்கான். போன தடவ எனக்கே தெரியாது, தெரியாம சத்தியம் பண்ணிட்டேன். இப்ப தெரிஞ்சி சொல்றேன். அந்தப் பொட்டில மேல இருக்குதே டி.வி. மாதிரி, அது அவங்க சபையிலர்ந்து வந்தது. அவன் காமாலைல படுத்திருந்தப்ப கஞ்சி ஊத்தினவங்களும் அவங்கதான். நம்ம சபைலர்ந்து யாரும் போகல. நானும் போகல. எம் பொண்ணுக்கு ஞானஸ்நானம் இந்தக் கோயில்ல, மாப்ளைக்கும் இந்தக் கோயில்ல. அவங்க பேரப் படிக்காம இருக்க அவங்க இன்னா தப்பு பண்ணாங்க?"

மாணிக்கராஜ், "அதுக்கில்லீங்க, அந்தக் கம்ப்யூட்டர் உங்க வூட்ல இருந்தா நாளைக்கு மத்தவங்க இன்னா சொல்வாங்க..." என்று இழுத்தார். மேஜை மேல் வருஷ ரிப்போர்ட் இருந்தது. அதை எடுத்தேன். "இதுவும் அந்தக் கம்ப்யூட்டர்ல அடிச்சதுதானுங்களே. அப்ப இது அசெம்பிளி ரிப்போர்ட்டு. இத நாளைக்கு சபைல எப்டி படிப்பீங்க? வுடுங்க, நானே கிழிச்சிடறேன்." இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். சத்தியமாகக் கிழித்திருப்பேன். மாணிக்கராஜ், "ஐயோ, வுடுங்கம்மா, வேற காப்பி இல்லம்மா!" என்று நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

முதலில் சிரித்தது ஐடா டீச்சர். பிறகு போதகர். பிறகு அவர் சொன்னார், பெண்ணும் பையனும் இந்தச் சபை, அதற்கு மேல் கேட்க நமக்கு உரிமை இல்லை, நாளைக்கு வாசிக்கிறேன் என்று. மாணிக்கராஜ் விடவில்லை. "அப்ப பொண்ண யார் கூட்டிகினு வருவாங்க?" என்றார். "தாய்மாமன்" என்றேன். அது எப்படி, அவர் நம் சபை இல்லையே என்று மறுபடி ஒரு சண்டை. கடைசியில், பீடத்துப் படி வரைக்கும் அழைத்து வரலாம், அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்துவிட வேண்டும், சத்தமாக ஜெபம் கிபம் பண்ணக்கூடாது என்று ஒப்புக்கொண்டார்கள். அதைக் கேட்டு எனக்கு மறுபடி கோபம் வந்தது, ஐடா டீச்சர் என் கையைக் கிள்ளினார், அடக்கிக்கொண்டேன். வெளியே வந்ததும் அவர் சொன்னது: "எம்புள்ளைக்கு அடக்கமான வூட்ல பொண்ணு எட்த்துட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன்." திட்டினாரா மெச்சினாரா தெரியவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நேற்று வாசித்தார்கள். எலைன் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. அது இருக்கும். உன்னைப் பார்த்துத் திட்டி முடிக்கும்வரை இருக்கும். அதற்காகவாவது வா. கல்யாணத்துக்கு முந்தின சனிக்கிழமையே வந்துவிடு, ஞாயிறு இரு. அசெம்பிளிக் கூட்டம் ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நடக்கிறதாம், நேரம் விசாரித்து வைத்திருக்கிறேன், போய்விட்டு வா. நான் விசாரிக்கப் போனதை மாணிக்கராஜ் சைக்கிளில் போகும்போது பார்த்துவிட்டார், பார்க்கட்டும். சாப்பாடு மட்டும் நம் வீட்டில். அந்தக் கறியை மறுபடி ஊறவைப்பேன், இந்தத் தடவை ரயிலைக் காட்டி ஓடினால் உன் முகத்தில் விழிக்கமாட்டேன்.

எர்த் கம்பியை முனிரத்தினம் போட்டுவிட்டார், இப்போது பெட்டி இழுப்பதில்லை. திரையில் சுற்றுகிறதை எடுத்துவிடட்டுமா என்று எலைன் கேட்டாள், வேண்டாம் என்றேன். உன் மாமா சீட்டு ஆடுகிறார், இருமல் வந்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடுகிறார். கொஞ்ச நேரத்தில் பிரைஸ் த லார்ட் சுற்றுகிறது. எழுந்து மவுஸைத் தொட்டால் மறுபடி சீட்டு. இரண்டும் ஒரே பெட்டிக்குள்தான் இருக்கின்றன, பெட்டி ஒன்றும் வெடித்துவிடவில்லை.

உன் அக்கா

பி.கு.: வேறு மானிட்டர் அனுப்பாதே. முனிரத்தினம் தூக்கிக்கொண்டு வந்தாலும் வாசலோடு திருப்பி அனுப்புவேன். இது நன்றாகத்தான் எரிகிறது.